ஹைபர்ட் ஆற்றில் தள்ளிய மனிதர்

ஹைபர்ட் ஸ்லைட்டர் வரைந்த படங்களில் எல்லோருக்கும் ஒரே மூக்குதான் இருக்கும். டோர்ட்ரெக்ட் நகரத்து மரவியாபாரியோ மதகுருவோ, அவர் முன்னால் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தால் அந்த மூக்கை வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்ப வேண்டும். அது தன் மூக்கு என்று அவர் மனைவி மாய்கேவுக்குத் தெரியும். கல்யாணம் பேசிய புதிதில் அவளை உட்காரவைத்து மூக்கு வரையப் பழகியவர், அதற்கப்புறம் வேறு மூக்கைத் தேடிப் போகவில்லை. பெருமைப்படுவதா வருத்தப்படுவதா என்று அவளுக்குப் பலகாலம் பிடிபடவே இல்லை.

தூரிகைதான் அவருக்குத் தடுமாறும். நாக்கு தடுமாறாது. படத்துக்கு உட்கார வருகிறவர்கள் பாதிப் பேர் அவர் பேச்சைக் கேட்கவே வந்தார்கள். எந்த ஓவியர் எந்தச் சத்திரத்தில் யாரோடு சண்டை போட்டார், யார் கல்லறைச் சிலையைப் பார்த்து பயந்து ஓடினார், யார் பூனையின் வாலில் தூரிகை செய்தார் என்று வண்ணத்தைக் குழைத்துக்கொண்டே சொல்வார். இதையெல்லாம் எழுதினால் என்ன என்று யாரோ ஒருவர் கேட்டுவைத்தார். அவ்வளவுதான். நாட்டில் இருக்கிற, இருந்த ஓவியர்கள் அத்தனை பேரின் வாழ்க்கையையும் எழுதிவிடுவது என்று ஹைபர்ட் முடிவு கட்டினார். ஐம்பது வயதில் ஒரு மனிதனுக்கு வரக்கூடாத யோசனை என்று மாய்கே நினைத்தாள். ஆனால் அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாள்.

சில வருஷம் அலைந்தார். படகேறி லெய்டன் போவார், ஹார்லெம் போவார், பை நிறையக் கதைகளோடு வருவார். மாய்கேதான் அதையெல்லாம் திருத்தமாக எழுதி அச்சகத்துக்கு அனுப்புவாள். அப்படி எழுதும்போதுதான் லேண்டர்ட் பூல் என்ற ஓவியரின் சாவு அவள் கைக்கு வந்தது. மீன் படங்களுக்குப் பேர்போன அந்த மனிதர், மூக்குமுட்டக் குடித்துவிட்டு, வெறுங்கையால் விலாங்கு பிடித்துக் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டி ஆற்றில் குதித்தாராம். தொப்பி மட்டும்தான் திரும்பி வந்ததாம்.

"இதை யார் சொன்னது?" என்று கேட்டாள் மாய்கே.

"ரோட்டர்டாம்ல ஒருத்தன்."

"அவன் கண்ணால பாத்தானா?"

"பாத்தவனைப் பாத்தவன்."

"பொய்யா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"பூல்னா குட்டைன்னு அர்த்தம். குட்டைன்னு பேரு வச்சவன் ஆத்துல போனான். இதைவிடப் பொருத்தமா ஒரு சாவு யாருக்குக் கிடைக்கும் மாய்கே? அப்படியே பொய்யா இருந்தாலும், செத்தவன் வந்து சண்டை போடப்போறானா?"

முதல் பாகம் வெளிவந்தது. நன்றாகவே விற்றது. சத்திரங்களில் ஆளுக்கு ஒரு பக்கம் சத்தமாகப் படித்தார்கள். எல்லோரும் கேட்டுக் கேட்டுப் படித்த பக்கம் லேண்டர்ட் பூலின் சாவுதான். ஹைபர்ட் தெருவில் நடக்கும்போது தொப்பியைக் கழற்றியவர்கள் எண்ணிக்கை கூடியது. அவரும் நடையை மெதுவாக்கிக்கொண்டார்.

அடுத்த வருஷம் மே மாதத்தில் ஒரு காலை, மாய்கே வாசற்படியைச் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள். எதிரே இரண்டு ஜோடிக் கால்கள் வந்து நின்றன. நிமிர்ந்து பார்த்தாள். உயரமான, ஒல்லியான ஒரு மனிதர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் அகலமான ஒரு பெண், இடுப்பில் கூடை.

"ஹைபர்ட் ஸ்லைட்டர் வீடு இதுதானே?" என்றாள் அந்தப் பெண்.

"ஆமா. நீங்க?"

"நான் ஃபெம்கே. ஸ்வோல்லேல இருந்து வரோம். இவரு என் வீட்டுக்காரர் லேண்டர்ட் பூல். உங்க வீட்டுக்காரர் ஆத்துல தள்ளிவிட்டாரே, அந்த ஆளு."

மாய்கேயின் கையில் இருந்த தேய்ப்பான் வாளிக்குள் விழுந்தது.

"மன்னிக்கணும்மா," என்றார் அந்த ஒல்லி மனிதர், செத்ததற்கு அவரே பொறுப்பு என்பதுபோல. "முன்கூட்டிச் சொல்லாம வந்துட்டோம்."

ஹைபர்ட் மாடியிலிருந்து இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முதலில் பார்த்தது விருந்தாளியின் காலணிகளை. ஈரமாக இருக்கிறதா என்று பார்க்கிறார் என மாய்கேவுக்குத் தோன்றியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்து வைத்தாள், பீரும் ஊற்றினாள். லேண்டர்ட் தன் குவளையைப் பணிவாக ஒதுக்கி வைத்தார்.

"நான் குடிக்கிறதில்லைங்க ஐயா. எங்க சபையில அது வழக்கமில்ல."

ஹைபர்ட்டின் முகம் லேசாக வெளுத்தது.

"விலாங்கும் சாப்பிடமாட்டாரு," என்றாள் ஃபெம்கே. "பாம்பு மாதிரி இருக்காம். அதைப் பிடிக்க இவரு ஆத்துல குதிச்சாருன்னு எழுதியிருக்கீங்க. ஊரே சிரிச்சுது. சிரிச்சாப் பரவால்ல. குரோனிங்கன்ல இருந்து இவரோட அத்தை மகன் கருப்பு உடுப்பு மாட்டிக்கிட்டு வந்து இறங்கினான். கதவைத் திறந்தவரு இவரு. அவன் வாசல்லயே விழுந்துட்டான். அப்புறம் அவனுக்கு வைத்தியம் பார்த்து அனுப்பினோம்."

"நல்ல பையன்," என்றார் லேண்டர்ட். "ரொம்ப அழுதிருக்கான்."

ஹைபர்ட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஃபெம்கே சிரிக்கவில்லை. கூடையிலிருந்து துணியில் சுற்றிய ஒரு படத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். தட்டில் ஒரு மீன், பக்கத்தில் பாதி எலுமிச்சை. மூலையில் பூலின் கையெழுத்து.

"ரோட்டர்டாம்ல பால்டஸ்னு ஒரு படவியாபாரி. வருஷா வருஷம் இவர்கிட்ட வாங்குறவரு, ஆனா நேர்ல பாத்ததில்ல, படம் படகுலதான் போகும். போன குளிர்காலம் இதைத் திருப்பி அனுப்பிட்டாரு. செத்தவன் பேரைப் போட்டுப் போலிப் படம் விக்கிறீங்களா, இன்னொரு தடவை அனுப்பினா நீதிமன்றத்துக்குப் போவேன்னு சொல்லி அனுப்பினாரு. அப்புறம் மத்தவங்களும் நிறுத்திட்டாங்க. உங்க புத்தகம் வந்ததுல இருந்து இவரு படம் ஒண்ணுகூட வெளிய போகல."

ஹைபர்ட் தொண்டையைச் செருமினார்.

"அடுத்த பாகத்துல ஒரு வரி சேர்த்துடறேன். லேண்டர்ட் பூல் உயிரோட இருக்காருன்னு."

"அடுத்த பாகம் எப்ப வரும்?"

"ஒரு ரெண்டு வருஷம் ஆகும்."

"அதுவரைக்கும்? செத்தவங்களுக்குப் பசிக்காதுன்னு நினைச்சீங்களா?"

ஹைபர்ட் மாய்கேயைப் பார்த்தார். கதை எங்காவது சிக்கிக்கொண்டால் அவர் பார்க்கிற பார்வை அது. மாய்கே சொன்னாள்: "அந்த பால்டஸை இங்க வரச்சொல்லுங்க. நம்ம ஓவியர் சங்கத்துப் பெரியவங்க ரெண்டு பேரையும் கூப்பிடுங்க. இவரு அவங்க கண்ணு முன்னால ஒரு மீனை வரையட்டும். இவரு யாருன்னு கை சொல்லும்ல."

பால்டஸ் வர ஒரு வாரம் ஆயிற்று. அதுவரை பூல் தம்பதி அந்த வீட்டிலேயே தங்கினார்கள். லேண்டர்ட் போல ஒரு விருந்தாளியை மாய்கே பார்த்ததே இல்லை. கொடுத்ததைச் சாப்பிடுவார், விளக்கேற்றும் முன்பே தூங்கிவிடுவார். ஹைபர்ட் அவரிடம் கதை கறக்கப் பார்த்துத் தோற்றுப்போனார்.

"சின்ன வயசுல ஏதாவது சண்டை?"

"இல்லைங்க."

"காதல்?"

"ஃபெம்கேதான். அடுத்த வீடு."

"இத்தாலி, கித்தாலி போனதுண்டா?"

"ஒரு தடவை ஆம்ஸ்டர்டாம் போனேன். ரொம்பச் சத்தம்."

பால்டஸ் வந்தார். பட்டுக் கையுறையைக் கழற்றாமலே நாற்காலியில் சாய்ந்தார். சங்கத்துப் பெரியவர்கள் இருவரும் மாய்கே சுட்ட அப்பங்களோடு ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். மாய்கே சந்தையில் வாங்கிய ஒரு மீன் தட்டில் இருந்தது. லேண்டர்ட் அதை ஒருமுறை பார்த்துத் தலையசைத்துவிட்டு வரைய ஆரம்பித்தார். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கை தானாக ஓடியது. முதுகு வந்தது, வரிகள் வந்தன, வயிற்றின் வெண்மை வந்தது. பெரியவர்களின் அப்பம் தீர்வதற்குள் மீனும் தீர்ந்தது.

பால்டஸ் எழுந்து வந்து கிட்டத்தில் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார்.

"கை பரவால்ல," என்றார். "பூலோட பாணியை நல்லாப் படிச்சிருக்கீங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. செத்துப்போன பூல் உங்களைவிட நல்லா வரைவாரு."

பெரியவர்களில் ஒருவர் தயக்கத்தோடு தலையை ஆட்டினார். "எங்கிட்ட அவரோட பழைய படம் ஒண்ணு இருக்கு. அதுல மீனோட கண்ணு நம்மளையே பாக்கும். இது எங்கயும் பாக்கல."

மறுநாள் காலை ஊருக்குக் கிளம்புவதற்குமுன் வந்து போகிறேன் என்று சொல்லிவிட்டு பால்டஸ் போனார். லேண்டர்ட் தூரிகைகளைக் கழுவித் துடைத்து அடுக்கி வைத்துவிட்டுத் தோட்டத்தில் போய் உட்கார்ந்தார். திட்டவில்லை, அழவில்லை. முதுகு மட்டும் வளைந்திருந்தது.

சமையலறையில் ஃபெம்கே வெங்காயத்தை நறுக்கினாள். இரண்டாவது வெங்காயத்தை எடுக்கும்போது பேசினாள்.

"அந்தாளு சொன்னது சரிதான் மாய்கே. எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். ஆரம்பத்துல மீனை வாங்கிட்டு வந்து அது முன்னாலயே கிடப்பாரு. வீடே நாறும், திட்டுவேன். அப்புறம் எல்லாரும் அதே மீன், அதே தட்டு, அதே எலுமிச்சைன்னு கேட்டாங்க. இவரும் மீன் வாங்குறதை நிறுத்திட்டாரு. கண்ணை மூடிக்கிட்டே வரைவாரு. வீடு நாறலயேன்னு நானும் சந்தோஷப்பட்டுட்டேன்."

கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஹைபர்ட் இதைக் கேட்டார். மாய்கே அவரைப் பார்த்தாள். வாய் திறப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் தோட்டத்துப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

மறுநாள் விடியும்போது பக்கத்துப் படுக்கை காலியாக இருந்தது. மாய்கே கீழே இறங்கியபோது ஹைபர்ட் வாசலில் நுழைந்துகொண்டிருந்தார். முழங்கால்வரை நனைந்திருந்தார். தலையில் தொப்பி இல்லை. கையில் ஒரு வாளி, அதற்குள் ஏதோ துள்ளித் துள்ளித் தண்ணீரை இறைத்தது.

"என்ன இது?"

"மீன்காரன் படகு கரைக்கு வர்றதுக்கு முன்னாலயே போய் ஏறிட்டேன். உயிரோட வேணும்னு கேட்டேன். பைத்தியம்னு நினைச்சிருப்பான். தொப்பி ஆத்தோட போச்சு."

அவர் நேராக மேலே போய் லேண்டர்ட்டை எழுப்பினார். "ஐயா, எழுந்திருங்க. உங்களுக்கு ஒரு ஆள் வந்திருக்காரு." ஜன்னல் வெளிச்சத்தில் ஈரத் துணியை விரித்து மீனை அதன்மேல் விட்டார். முதுகெல்லாம் கரும்பச்சை வரி, துடுப்புகளோ நெருப்புத் துண்டுபோல் சிவப்பு. லேண்டர்ட் தூக்கக் கலக்கத்தில் அதைப் பார்த்தார். அப்புறம் இரவுச் சட்டையோடே ஓடிப்போய்ப் பலகையை எடுத்தார்.

பின்னால் ஏறி வந்த மாய்கே அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். முந்தின நாள் பார்த்த மனிதர் இவர் இல்லை. மீனின்மேல் இருந்து கண்ணை எடுக்காமல், பலகையைப் பார்க்காமலே தூரிகையை வைத்தார். மீன் வாயைத் திறந்து மூடியது. "சிவப்பு போகுது," என்று முணுமுணுத்தார். "ஐயா, சிவப்பு போகுது, சீக்கிரம்." ஹைபர்ட் கல்லின்மேல் சிவப்பை அரைத்துக் குழைத்து நீட்டினார். "இன்னும் அடர்த்தியா." மறுபடி அரைத்தார். கூலிக்கு வந்த ஆள்போலச் சொன்னதைச் செய்தார். மீன் ஒருமுறை சிலிர்த்து அடங்கியது. துடுப்பின் நிறம் கண்ணெதிரே மங்கியது. பலகையில் அது மங்கவில்லை. கண்ணின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியை வைத்துவிட்டு லேண்டர்ட் தூரிகையைக் கீழே போட்டார்.

ஹைபர்ட் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். வாயடைத்துப்போன தன் கணவரை மாய்கே அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள்.

பால்டஸ் வந்தபோது வண்ணம் ஈரமாக இருந்தது. மாடிக்கு ஏறி வந்தவர் படத்தைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றினார்.

"நீங்க பூல்தான்," என்றார். "எனக்குச் சந்தேகமே இல்ல." பிறகு காதைச் சொறிந்துகொண்டார். "ஆனா இதுல ஒரு சங்கடம் இருக்கு. மூழ்கிச் செத்தவரோட படம்னு சொல்லித்தான் நான் பல பேருக்குக் கொடுத்திருக்கேன். அந்தக் கதையை அவங்க விருந்துக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்றாங்க. நீங்க கொஞ்ச காலம் செத்தவராவே இருந்தா நல்லாயிருக்கும். படங்களைப் பழசுன்னு சொல்லிடலாம். யாருக்கும் நஷ்டமில்ல."

எல்லோரும் லேண்டர்ட்டைப் பார்த்தார்கள். அவர் நிதானமாக யோசித்தார்.

"வேண்டாங்க," என்றார். "எனக்கு உயிரோட இருந்தே பழகிப்போச்சு."

ஃபெம்கே அன்றைக்குத்தான் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பால்டஸும் மசிந்துவிட்டார். படத்தை வாங்கிக்கொண்டார். திருப்பி அனுப்பிய படத்துக்கும் மன்னிப்புக் கேட்டார், ஆனால் அதை வாங்கிக்கொள்ளவில்லை. மதியம் அந்த மீனை வெண்ணெயில் வறுத்து எல்லோரும் சாப்பிட்டார்கள்.

இரண்டாம் பாகத்துக்காக ஹைபர்ட் லேண்டர்ட் பூலின் வாழ்க்கையைத் திரும்ப எழுத உட்கார்ந்தார். இது அவருக்குப் பெரிய சோதனையாகிவிட்டது. ஸ்வோல்லேயில் பிறந்தார், அடுத்த வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டார், மீன் வரைந்தார், சீக்கிரம் தூங்கினார். இதற்குமேல் பேனா நகரவில்லை.

"ஒரு சின்ன கப்பல் விபத்து வச்சுக்கலாமா?" என்றார். "சாவு இல்லாம?"

"வேணாம்," என்றாள் மாய்கே. "அந்த மீனைப் பத்தி எழுதுங்க. சிவப்பு போனதை எழுதுங்க."

எழுதினார். அவர் எழுதியதிலேயே நல்ல பக்கம் அதுதான் என்பது மாய்கேயின் எண்ணம். வாசகர்கள் அப்படி நினைக்கவில்லை. இரண்டாம் பாகத்தில் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போனார்கள். சத்திரங்களில் முதல் பாகத்து விலாங்குக் கதையே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் படவியாபாரிகளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஸ்வோல்லேயிலிருந்து படங்கள் மறுபடி போகத் தொடங்கின. வீடு பழையபடி நாறுகிறது என்று ஃபெம்கே சொல்லி அனுப்பினாள்.

மூன்றாம் பாகம் பாதியில் இருக்கும்போது ஹைபர்ட் இறந்துபோனார். சளி பிடித்தது, நெஞ்சில் இறங்கியது, போய்விட்டார். சொல்லும்படியான சாவு இல்லை. கடைசி நாட்களில் அவரே அதற்காகக் குறைபட்டுக்கொண்டார். "இதுல ஒண்ணுமே இல்லையே மாய்கே. இதை எப்படி எழுதுவ?" என்று இருமலுக்கிடையே கேட்டார்.

நிஜமாகவே அவள்தான் எழுத வேண்டியிருந்தது. ஓவியர்களின் வாழ்க்கையை எழுதியவரின் வாழ்க்கை இல்லாமல் புத்தகம் எப்படி முடியும் என்று அச்சகத்தார் கேட்டார். சங்கத்து ஆட்கள் உதவிக்கு வந்தார்கள். ஒருவர் ஹைபர்ட் குரங்குக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தார் என்றார். இன்னொருவர் அவர் ஒரு சீமாட்டியோடு பிரஸ்ஸல்ஸுக்கு ஓடப் பார்த்தார் என்றார். "நான் அப்ப எங்க இருந்தேன்?" என்று மாய்கே கேட்டாள். அவர் அப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பேச்சை மாற்றினார்.

அவளாக எழுதப் பார்த்தாலும் வரவில்லை. நல்ல ஓவியர் என்று எழுதக் கை கூசியது. சுமாரான ஓவியர் என்று எழுத மனம் கூசியது. தாளை எடுப்பாள், வைப்பாள்.

துக்கம் கேட்க வர முடியாமல்போன பூல் தம்பதி வசந்தத்தில் வந்தார்கள். லேண்டர்ட் இன்னும் ஒல்லியாகியிருந்தார். மாய்கேயோடு ஹைபர்ட்டின் கல்லறைக்குப் போய்த் திரும்பும்போது, ஆற்றங்கரையில் அவராகவே பேச ஆரம்பித்தார். அது அவருக்கு வழக்கமில்லை.

"அன்னிக்கு நாங்க ஊருக்குக் கிளம்பினப்ப, படகுவரைக்கும் அவரு என்கூட நடந்து வந்தாரும்மா. எதுக்கு ஐயா இந்தக் கதையெல்லாம் எழுதறீங்கன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"அவருக்கு வரையச் சொல்லிக்கொடுத்தவரு ஒருத்தர் இருந்தாராமே, பேருகூடச் சொன்னாரு. அவரு செத்துக் கொஞ்ச நாள்லயே அவர் படங்களுக்குக் கீழ வேற ஆளோட பேரை எழுதிட்டாங்களாம். இவரு போய்ச் சண்டை போட்டிருக்காரு. அந்தப் பேருல அப்படி ஒருத்தர் இருந்ததே யாருக்கும் ஞாபகமில்லையாம். 'நான் வரையறது எனக்கே தெரியும் பூல். சுமார்தான். ஆனா நல்லா வரையறவன் பேரு தெரியாமப் போறதை என்னால தாங்கமுடியல. சும்மா பேரைச் சொன்னா யாரும் ஞாபகம் வச்சுக்கமாட்டாங்க. அதான் ஒரு விலாங்கைச் சேர்த்துடறேன்'னு சொன்னாரு."

மாய்கே ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இதை அவர் தன்னிடம் சொல்லவில்லையே என்று முதலில் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே அழுதாள். ஃபெம்கே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கு மாலையே எழுத உட்கார்ந்தாள். அவர் வரைந்த முகங்களில் எல்லாம் ஒரே மூக்குதான் இருந்தது என்றும், அது யாருடையது என்றும் எழுதினாள். கேட்ட கதையை விசாரிக்காமல் நம்புவார் என்று எழுதினாள். உயிரோடிருந்த ஒரு மனிதரை ஆற்றில் தள்ளியதையும், விடியற்காலையில் ஒரு வாளியோடு ஓடியதையும், சிவப்பு அரைத்துக் கொடுத்ததையும் எழுதினாள். லேண்டர்ட் சொன்னதை அப்படியே சேர்த்தாள். அந்தக் குருவின் பேரையும் மறக்காமல் போட்டாள். சாவைப் பற்றி ஒரு வரி, சளியால் இறந்தார் என்று. அச்சகத்தார் படித்துவிட்டு, ஒரு மனைவி இப்படியா எழுதுவாள் என்று முகம் சுளித்தார். "வேற யாரு எழுதமுடியும்?" என்றாள் மாய்கே.

மூன்றாம் பாகம் இலையுதிர் காலத்தில் வந்தது. அதற்குப் பின் ஹைபர்ட்டின் படங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. சுவர்களில் புதுப் படங்கள் வந்தன. புத்தகம் மட்டும் நிற்கவில்லை. மறுபதிப்பு கேட்டார்கள். கூடவே நாட்டின் நாலா மூலையிலிருந்தும் ஓவியர்களின் மகன்கள், மருமகள்கள், தம்பிகள் எல்லோரும் மாய்கே வீட்டுக் கதவைத் தட்டினார்கள். எங்க அப்பா ஒற்றைக் கண்ணர் இல்லை என்றார் ஒருவர். என் மாமனார் சிறைக்குப் போனது கடனுக்காக, கொலைக்காக இல்லை என்றாள் ஒருத்தி. மாய்கே எல்லோரையும் உட்காரவைத்து, அப்பம் கொடுத்து, பொறுமையாகக் கேட்டு, மறுபதிப்புக்காகத் திருத்தினாள்.

ஒருநாள் டெல்ஃப்டிலிருந்து ஒரு கிழவர் வந்தார். தன் அண்ணன் பூனைவாலில் தூரிகை செய்ததாக எழுதியிருப்பது சுத்தப் பொய் என்றார்.

"எடுத்துடட்டுமா?" என்று கேட்டாள் மாய்கே.

கிழவர் குவளையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எங்க ஊர்ல இப்ப அவன் பேரை எல்லாருக்கும் தெரியும்," என்றார் மெதுவாக. "எங்க போனாலும் அந்தப் பூனையைப் பத்தித்தான் கேக்கறாங்க."

மாய்கே பேனாவை மசிக்கூட்டில் வைத்துவிட்டு, அவருக்கு இன்னும் கொஞ்சம் பீர் ஊற்றினாள்.